சாமி காலண்டர் பதினொன்று

எங்கள் வீட்டு அடுப்படிச் சுவர் சித்திரையில் திறந்து ஐப்பசியில் மூடும். கரிசல் மண்ணில் கட்டிய வீட்டுக்கு இதெல்லாம் சகஜம். வெயிலுக்கு மண் காய்ந்து வெடித்தால் அஸ்திவாரம் அதோடு போகும், சுவரும் கூடவே வாய் பிளக்கும். மழை விழுந்து மண் ஊறினால் எல்லாம் பழையபடி சேர்ந்துகொள்ளும். ஆமத்தூரில் எங்கள் தெருவில் இதற்காக ஒருத்தரும் தூக்கம் கெட்டு நான் பார்த்ததில்லை. பூரான் கீரான் வந்துவிடக் கூடாதென்று வேனல் முழுக்க அம்மா அந்த வெடிப்பின் கீழ்ப்பகுதியில் மண்ணெண்ணெய்த் துணியைச் சுருட்டி அடைத்து வைப்பாள். மேல்பகுதியில் நான் என் சாமான்களை வைத்திருந்தேன்.

சாமான் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அம்மா வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டுவாள். அவளுக்குக் கட்டுக்கட்டாக வரும் லேபிள்களில் அச்சு நகர்ந்து மயிலுக்கு இரண்டு தலை விழுந்தவை சில, உடைந்த வளையலில் நிறம் நல்லதாக இருந்த துண்டுகள், எழுதாத சிலேட்டுக்குச்சி ஒன்று. வெடிப்பு உள்ளே போய் வளையும்; அதில் என் கை மட்டும்தான் நுழையும். பெரியவர்கள் கைவைக்க முடியாத அலமாரி எட்டு வயதில் வேறு யாருக்கு இருந்தது? ஐப்பசியில் மூடிக்கொண்டால் அடுத்த வேனல்வரைக்கும் உள்ளே இருப்பது உள்ளேதான். அதுவும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. மறுபடி திறக்கும்போது என் சாமானே எனக்குப் புதுசாகத் தெரியும்.

அந்த வீடு அப்பா கட்டியது. கட்டினார் என்றால் காசு கொடுத்துக் கட்டியதில்லை. லீவு நாட்களில் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு தானே அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி, தானே கல் சுமந்து, நான்கு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பியது. மற்ற நாட்களில் அவர் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்துக் கலவை ஆள். மருந்து கலக்கிற அறை மற்ற அறைகளிலிருந்து தள்ளித் தனியாக இருக்கும், நாலு பக்கமும் வாசல் இருக்கும். ஏதாவது ஆகிப்போனால் எந்தப் பக்கமும் ஓடலாம் என்பதற்காக. அப்பா அதையும் பெருமையாகத்தான் சொல்வார். வீட்டில் நமக்கு ரெண்டு வாசல், கம்பெனியில் எனக்கு மட்டும் நாலு என்பார். குளித்துவிட்டுத்தான் வருவார், ஆனாலும் காது மடலுக்குப் பின்னால் அலுமினியப் பொடி வெள்ளியாக மின்னும். அதைத் துடைத்துவிடுவது என் வேலை.

அம்மாவுக்கு அந்தப் பொடியைக் கண்டாலே ஆகாது. விருதுநகரில் அவளுக்குத் தூரத்துச் சொந்தக்காரர் ஒருத்தர் மாவு மில் வைத்திருந்தார். அவர் மகனோடு போய் இருக்கப் போவதால் மில்லைக் கைமாற்றிவிடப் போகிறார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அம்மாவுக்கு வேறு பேச்சே இல்லை. வீட்டை விற்றால் மில்லை வாங்கலாம், மில்லுக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது, அங்கேயே இருந்துகொள்ளலாம். அப்பாவோ, தெரிந்த தொழிலை விட்டுவிட்டு மிளகாய் அரைக்கச் சொல்கிறாயா என்று சிரித்து மழுப்பினார். அம்மா சாதாரணமாக அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கு மட்டும் தீப்பெட்டி ஒட்டுவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

"பொடியிலதான் பொளைக்கணும்னு தலையெழுத்துன்னா, மாவுப்பொடியில பொளைங்க. நான் கேக்கது அம்புட்டுத்தான்."

அப்பா சரி என்று சொல்லவில்லை, ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மில்லுக்காரர் ஆவணி முடிகிறவரை பொறுப்பேன் என்று சொல்லியிருந்தார். நான் யார் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்பா பக்கம் என்றுதான் சொல்லியிருப்பேன். என் அலமாரியை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்?

இங்கேதான் மாமா வருகிறார். அம்மாவின் தம்பி, சிவகாசியில் காலண்டர் அடிக்கிற அச்சாபீசில் வேலை. எங்கள் சொந்தத்தில் முதன்முதலில் செல்போன் வாங்கியவர்களில் ஒருத்தர். அது வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகவே மெல்லிய துணியில் சட்டை போடுவார். வீடு பார்க்க ஆள் வரப் போகிறது, அதுவும் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வரப் போகிறார்கள் என்று தெரிந்ததும் மாமா வந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். ஆவணி மாசம், வெடிப்புகளெல்லாம் அகலமாக வாய் திறந்து கிடந்தன. ஐப்பசியாக இருந்தால் கவலையே இல்லை, மழை பார்த்துக்கொள்ளும். மில்லுக்காரர் மழை வரைக்கும் பொறுக்க மாட்டார்.

நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் மாமா சிமெண்டைக் குழைத்து எல்லா வெடிப்பையும் அடைத்து, மேலே சுண்ணாம்பு அடித்துவிட்டார். ஆனால் புதுப் பூச்சு பழைய சுவரில் தழும்பு மாதிரித் துருத்திக்கொண்டு தெரிந்தது. அதற்கும் அவரிடம் வழி இருந்தது. அடுத்த வருஷக் காலண்டர்களை ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். ஆடி பதினெட்டு முடிந்துவிட்டால் அடுத்த வருஷக் காலண்டர் சுவரில் தொங்குவது எங்கள் பக்கத்தில் அதிசயமில்லை. அருவி, ரோஜாப்பூ, கொழுகொழு குழந்தை என்று எத்தனையோ இருந்தும் மாமா அதையெல்லாம் ஒதுக்கிவிட்டுச் சாமி படங்களாகப் பொறுக்கினார். அருவியை எவனும் தூக்கிப் பார்ப்பான், சாமியை எவன் தூக்குவான் என்பது அவர் கணக்கு. வெடிப்பு போன வழியெல்லாம் சாமிகள் தொங்கின. மொத்தம் பதினொன்று. அடுப்படியில் வெடிப்பு ஜன்னல் மூலையிலிருந்து தரை வரைக்கும் சாய்வாக இறங்கும் என்பதால், அங்கே முருகனில் தொடங்கிப் பிள்ளையார் முழங்கால் உயரத்தில் வந்து முடிந்தார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஓடிப்போய் முருகனைத் தூக்கிப் பார்த்தேன். லேபிளும் வளையலும் போனால் போகட்டும். ஆனியில் விழுந்த என் பல்லும் உள்ளே இருந்தது. விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிய வேண்டும், அப்போதுதான் புதுப் பல் முளைக்கும். நான் அப்படிச் செய்யாமல், அழகாக இருக்கிறதே என்று காகிதத்தில் சுற்றி வெடிப்பில் வைத்துவிட்டேன். இப்போது அதன்மேல் சிமெண்ட் பூசியாகிவிட்டது. எனக்கு அந்த இடத்தில் ஆயுசுக்கும் பல் முளைக்கப் போவதில்லை. யாரிடமாவது சொல்லி அழலாம் என்றால், பல் எப்படிச் சுவருக்குள் போனது என்று கேட்பார்கள், என் அலமாரி வெளியே வந்துவிடும். வாயை மூடிக்கொண்டு திரிந்தேன். நாக்கு மட்டும் அந்த ஓட்டையைத் தடவிக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். காரியாபட்டியிலிருந்து ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும். அவருக்கு எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகியிருந்தது. கூட வந்த கொத்தனார் மல்லாங்கிணற்றுக்காரர், வாத்தியாருக்குத் தெரிந்தவர். வெற்றிலை போடுகிற வாய், ஒல்லியான ஆள், தோளில் ஒரு மஞ்சள் பை. வந்தவர் உட்காரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் வீட்டை வெளியே ஒரு சுற்று சுற்றினார். குனிந்து ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி உருட்டிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார். உள்ளே வந்து கதவைப் பாதி திறந்தபடி விட்டு, அது தானாக அசைகிறதா என்று பார்த்தார். மூலையில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டார். ஒரு செம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கைகட்டி நின்று பார்த்தார். இதுவரைக்கும் யாரும் எங்கள் வீட்டை இவ்வளவு மரியாதையாகப் பார்த்ததில்லை என்று எனக்குத் தோன்றியது.

பிறகு விரல் முட்டியால் சுவர்களைத் தட்டிக்கொண்டே வந்தார். தட்டிவிட்டுக் காதைக் கொடுப்பார். காலண்டர் இருக்கிற இடம் வந்ததும் கை நின்றுவிடும். படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் தட்டுவார். மீனாட்சியைத் தொட்டு ஒற்றிக்கொண்டார், பெருமாளைத் தொட்டு ஒற்றிக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் மாமா மூச்சை இழுத்து விடுவது எனக்குக் கேட்டது. முழங்கால் உயரப் பிள்ளையாரைப் பார்த்து வாத்தியார் மனைவி இதென்ன இவ்வளவு கீழே என்று கேட்க, சின்னப் பிள்ளைகள் கும்பிடத் தோதாக என்று மாமா கூசாமல் சொன்னார். அந்த அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய் என் கன்னத்தைத் தட்டினாள். அம்மா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு, தண்ணீர் வசதி, காற்று வசதி என்று கேட்காததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

எல்லாரும் மொட்டை மாடிக்குப் போனார்கள். அங்கே முன்பே ஏறி இறங்கிவிட்ட கொத்தனார் மட்டும் அடுப்படியில் முருகனுக்கு நேர் எதிரே பலகையில் உட்கார்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். சுவரைத் தட்டியே உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்கிற ஆள். இவரை விட்டால் எனக்கு வேறு ஆள் கிடைக்காது.

"தாத்தா, செவத்துக்குள்ள போனத ஒங்களுக்கு எடுக்கத் தெரியுமா?"

"என்ன தாயி போச்சு?"

"பல்லு."

அவர் சிரிக்கவில்லை. அதனாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். ஆனியில் பல் விழுந்தது, வெடிப்பில் வைத்தது, என் கை மட்டும் நுழைவது, மாமா சிமெண்ட் பூசியது. எங்கே என்று கேட்டார். முருகனைத் தூக்கிக் காட்டினேன். கட்டைவிரலால் பூச்சைத் தேய்த்து மோந்து பார்த்தார். இது ஒன்றுதானா என்று கேட்டார். எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. எல்லாச் சாமிக்குப் பின்னாலும் இருக்கிறது, ஆனால் மற்றதில் கை நுழையாது என்று சொல்லி, அவரை அறை அறையாக அழைத்துப்போய்ப் பதினொரு காலண்டரையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன். மழைக்கு எப்படி மூடும், எந்தச் சுவர் முதலில் திறக்கும் என்பதுவரை ஒப்பித்தேன். வேண்டுமென்றே சொன்னாயா என்று பிற்பாடு என்னையே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சத்தியமாகப் பல்லுக்காகத்தான் ஆரம்பித்தேன். நாலாவது, ஐந்தாவது காலண்டருக்குப் பிறகு பல் எனக்கு ஞாபகம் இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை.

கொத்தனார் திரும்பி வந்து முருகனை நேராக மாட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மிச்சக் காப்பியைக் குடித்தார்.

"பல்லு அது பாட்டுக்கு மொளைக்கும் தாயி, கவலப்படாத. எங்கிட்டச் சொன்னத வேற ஆருகிட்டயும் சொல்லிக்கிடாத."

மாடியிலிருந்து இறங்கி வந்தவர்களிடம் அவர் காலண்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முற்றத்தில் நின்று, வாத்தியாருக்கு மட்டும் சொல்கிற மாதிரி ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். வேலை சுத்தமான வேலை, கல்லெல்லாம் நல்ல கல். ஆனால் கரிசலுக்கு வானம் இன்னும் ஆழமாகத் தோண்டியிருக்க வேண்டும். வீடு விழாது, வருஷா வருஷம் வெடிக்கும். மாமா உடனே இடைமறித்து, எங்கே வெடித்திருக்கிறது காட்டுங்கள் பார்ப்போம் என்று எகிறினார். கொத்தனார் அப்பாவைப் பார்த்தார். கட்டினவருக்குத் தெரியும் என்றார்.

அப்பா அதுவரைக்கும் எதிலும் பட்டுக்கொள்ளாமல் வாசலோரம் நின்றிருந்தார். அவர் ஒரு வார்த்தை இல்லை என்று சொல்லியிருந்தால் வாத்தியார் நம்பியிருப்பார். அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா சார், வெடிக்கும்" என்றார் அப்பா. "மளைக்குச் சேந்துக்கிடும்."

யோசித்துச் சொல்கிறோம் என்றார் வாத்தியார். அப்படிச் சொன்னால் வரமாட்டார்கள் என்று எனக்கே தெரியும். அவர் மனைவி போகும்போது பிள்ளையாரைக் குனிந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். மாமா கொத்தனாரை வைய ஆரம்பித்தவர் அப்பாவில் வந்து முடித்தார். அரிச்சந்திரனுக்கு வாக்கப்பட்டிருக்கிறாய் என்று அம்மாவிடம் கத்திவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார். ஆவணி முடிவதற்குள் மில் வேறு யாருக்கோ கைமாறிவிட்டது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீடு போகவில்லை. புரட்டாசியில் பல்லும் எட்டிப் பார்த்துவிட்டது. இவ்வளவு நல்லது நடந்ததற்குக் காரணம் நான் என்பதை யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. அம்மா எனக்குத் தலை சீவிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். சீப்பு நின்றது. முதுகில் ஒன்று விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. சிக்கை எடுத்து, பின்னி, ரிப்பனைக் கட்டி முடித்த பிறகுதான் பேசினாள். மாமாவிடம் சொல்லாதே, அப்பாவிடமும் சொல்லாதே என்றாள். குரலில் கோபம் இருந்த மாதிரியே தெரியவில்லை.

ஐப்பசி பிறந்துவிட்டது. சீசன் நேரம், தீபாவளி லோடு போய்க்கொண்டிருந்தது, ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி. மத்தியானம் சாப்பிட்டு முடித்திருந்தோம். தூரத்தில் எங்கேயோ பெரிய கதவை அறைந்தது போலச் சத்தம் கேட்டது, அடுக்களையில் பாத்திரம் அதிர்ந்தது. தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் பெண்கள் வெளியே வந்துவிட்டார்கள். எல்லாரும் புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று அண்ணாந்து பார்த்தார்கள். அம்மா தீப்பெட்டிப் பசைக் கையோடு ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கன, எங்கன என்று யாரோ கேட்க, வடக்க என்று மாடியிலிருந்து யாரோ சொன்னார்கள். அப்பா கம்பெனி தெற்கே. இருந்தாலும் அம்மா கையை விடவில்லை. வலிக்கிறது என்று சொன்னேன், காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை. பசை காய்ந்து அவள் விரல் என் தோலோடு ஒட்டிப்போனது. அப்பாவின் சைக்கிள் தெருமுனையில் திரும்பி, அவர் இறங்கி ஸ்டாண்டு போடுகிறவரைக்கும் அப்படியே நின்றாள். அதற்குப் பிறகுதான் விட்டாள். மணிக்கட்டில் நாலு விரலும் சிவந்து பதிந்திருந்தன.

அவள் உள்ளே போய் அப்பாவுக்குச் சோறு போட்டாள். எனக்கோ ஆத்திரம். இத்தனை நாள் அடக்கி வைத்த கோபத்தை என் கையில் காட்டிவிட்டாள் என்று நினைத்தேன். அப்பாவிடம் மணிக்கட்டை நீட்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, கொத்தனாரிடம் நான்தான் எல்லாவற்றையும் காட்டினேன், அதனால் வீடு விற்காமல் போய்விட்டது, அதற்குத்தான் அம்மா இப்படிச் செய்கிறாள் என்று போட்டு உடைத்தேன்.

அப்பா சோற்றில் கைவைத்தபடி அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. அப்புறம் அவர் சிரித்து, இடது கையால் என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"அப்ப நீ நம்ம கட்சியா? இருந்துட்டுப் போவோம் இங்கனயே."

அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். குடத்தில் தண்ணீர் நிறைந்து வழிகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

அப்பா அதற்கப்புறமும் ஒன்பது வருஷம் மருந்தறைக்குப் போனார். பத்து விரலோடும் வெளியே வந்தார், கும்பிடுகிற சாமிக்கெல்லாம் நன்றி. அந்த ஒன்பது வருஷத்தில் எத்தனை தடவை சத்தம் கேட்டது, எத்தனை தடவை அம்மா தெருவில் போய் நின்றாள் என்று எனக்குத் தெரியாது. நான் பிற்பாடு விடுதியில் தங்கிப் படிக்கப் போய்விட்டேன், அவள் பிடித்துக்கொள்ள என் கைகூட அங்கே இல்லை.

ஆனால் அன்றைக்கு அப்படியெல்லாம் ஒன்றும் தோன்றவில்லை. அவர் சாப்பிட்டுக் கைகழுவுகிறவரைக்கும் நகராமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இந்த வீட்டில் அப்பாவுக்கென்று இருப்பது நான் ஒருத்திதான் என்று அவ்வளவு உறுதியாக நம்பினேன்.